எண்ணுக்கு முன் அலகைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மழை தொடங்கிவிட்டால் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வைரஸ் நிமோனியாவுக்கு ரத்தப் பரிசோதனை எழுதித் தருவது வழக்கமாகிறது. அறிக்கையைப் பார்த்துக் கலங்குவோர் முதலில் அலகைப் பார்க்க வேண்டும். சிஆர்பி (உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் புரதம்) லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்பதும் டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டருக்கு) 5 என்பதும் ஒன்றுதான். ரத்தக்கட்டி கரையும்போது உண்டாகும் துணுக்கான டி-டைமரிலும் இருவகை அலகு உண்டு. ஒன்றில் வரும் எண் மற்றதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. போதாக்குறைக்கு, வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டி-டைமர் தொற்றில்லாமலே கூடும்.

காய்ச்சல் கண்ட அன்றே சிஆர்பி எடுத்தால் குறைவாகக் காட்டி ஏமாற்றலாம். உச்சம் தொட இரண்டு நாள் பிடிக்கும். லிம்போசைட் (வெள்ளையணுக்களில் ஒருவகை) எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 1,000-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால்தான் கவலை.

மலையில் அதிகம் தவறுவது எல்டிஎச், அதாவது உயிரணுக்கள் சிதைந்தால் ரத்தத்தில் கூடும் நொதி. சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்மம்) பிரிக்காத குழாயைக் கொண்டை ஊசி வளைவுகளில் குலுக்கிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறக்கினால் சிவப்பணுக்கள் உடைந்து அளவு பொய்யாக ஏறும். ரத்தம் எடுத்து அரை மணி நேரம் உறையவிட்டு, இங்கேயே சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிச் சீரத்தை மட்டும் அனுப்ப வேண்டும். சீரம் இளஞ்சிவப்பாக இருந்தால் மறுமாதிரி கேளுங்கள்.

மூச்சு வாங்குகிறவரை மட்டும் அறிக்கைக்காகக் காக்க வைக்காதீர்கள்.

– ஆய்வக நுட்பநர்கள் சிலர், குன்னூர்