படி ஏறினீங்களா என்று கேட்காதீர்கள்: கருத்தரிப்பு மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கருத்தரிப்பு மைய மருத்துவர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

கரு தங்கியதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையான பீட்டா ஹெச்சிஜி நெகட்டிவ் என்று ஒரு பெண்ணிடம் போனில் சொல்வது உங்களுக்கும் எளிதான வேலையல்ல. அதைக் குறை சொல்ல வரவில்லை. அதற்கு அடுத்ததாக உங்கள் ஆட்கள் கேட்கும் கேள்வியைப் பற்றித்தான் இந்த மடல். "ரெஸ்ட்ல இருந்தீங்களாம்மா? படி கிடி ஏறுனீங்களா?"

என்னிடம் அதைக் கேட்டபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்தில் மாமியார். ஆய்வகத்தில் உருவாக்கிய கருவை என் கருப்பையில் வைத்த வாரத்தில் ஒரு சாயங்காலம், மழை வருகிற மாதிரி இருந்ததால் மொட்டை மாடிக்குப் போய்க் காய்ந்த துணியை எடுத்து வந்தேன். அதை அவர் பார்த்திருந்தார். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் ஆலோசகர் கேட்ட பிறகு அதுவே தீர்ப்பாகிவிட்டது. "ஆஸ்பத்திரியிலயே கேட்டாங்களே" என்ற ஒரு வரி போதாதா? நாத்தனாருக்குப் போனது, ஊரில் இருக்கும் பெரியம்மாவுக்குப் போனது. விசேஷ வீடுகளுக்கு எனக்கு முன்பாகவே அந்தச் செய்தி போய் உட்கார்ந்திருக்கிறது. என் அம்மாவே ஒருநாள், "துணி நனைஞ்சா நனையட்டும்னு விட்டிருக்கலாமேடி" என்றார். என்ன பதில் சொல்வது? கடன் வாங்கிக் கட்டிய பணம் போனது ஒரு பக்கம். ஒரு வாளித் துணிக்காகப் பிள்ளையை விட்டவள் என்ற பெயர் இன்னொரு பக்கம். கணவர் எதுவும் பேசுவதில்லை. ஆனால் இப்போதெல்லாம் துணியை அவரே எடுத்து வருகிறார்.

அந்தக் கேள்வியை நிறுத்துங்கள். என் கோரிக்கை இவ்வளவுதான்.

இனி எழுதப்போவதில் உங்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. நீங்கள் எங்கள் வீட்டாரிடம் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் நான் எழுதுகிறேன். கருப்பை காலிப் பையாகத் தொங்குகிறது, அதில் வைத்தது நடந்தால் கீழே விழுந்துவிடும் என்றுதான் வீடுகளில் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றோடொன்று ஒட்டித்தான் இருக்கின்றன. ஈரமான இரண்டு வாழையிலைகளை அழுத்தி வைத்து நடுவில் ஓர் எள்ளைச் செருகியது போல. ஐந்தாம் நாள் கரு அந்த எள்ளைவிடவும் மிகச் சிறியது, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்குப் பக்கம்தான். அது விழுவதற்கு இடம் எங்கே இருக்கிறது?

இயற்கையாகக் கருத்தரிக்கிறவளை நினைத்துப் பாருங்கள். முட்டையும் விந்தணுவும் சேர்வதே கருக்குழாயில்தான். இரண்டாம் நாள் நான்கு செல், மூன்றாம் நாள் எட்டு செல் என்று பிரிந்துகொண்டே நகர்ந்து, நான்காம் நாள் வாக்கில் கருப்பைக்குள் வருகிறது. அப்புறம் உள்ளே நீர் நிறைந்த செல் பந்தாக, அதாவது பிளாஸ்டோசிஸ்டாக மாறி, மேலுறையைக் கிழித்து வெளியே வந்து, ஆறாம் ஏழாம் நாளில்தான் சுவரில் ஒட்டத் தொடங்குகிறது. இத்தனையும் நடக்கும்போது அந்தப் பெண்ணுக்கு எதுவுமே தெரியாது. அவள் நாற்று நடுகிறாள், சித்தாளாகச் செங்கல் சுமக்கிறாள், பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்குப் போகிறாள். அவளுக்குக் குழந்தை தங்குகிறது. என் மாடிப்படி மட்டும் என்ன பாவம் செய்தது?

ஏன் ஒட்டாமல் போகிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். முதல் இரண்டு மூன்று நாள் கரு ஓடுவது முட்டையில் சேர்த்து வைத்திருந்த சரக்கில். நான்கு செல்லுக்கும் எட்டு செல்லுக்கும் நடுவில்தான் அதன் சொந்த மரபணுக்கள் முழுவீச்சில் வேலையை ஏற்கின்றன. அங்கேயே நின்றுபோகிறவை பல. பார்க்க நன்றாக இருந்து, மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களின் கணக்கு பிசகியவை இன்னும் பல. அமெரிக்காவின் வட கரோலைனாவில் பெண்களின் சிறுநீரைத் தினமும் சோதித்து, வில்காக்ஸ் என்ற ஆய்வாளரின் குழு 1988இல் வெளியிட்ட ஆய்வில், ஒட்டத் தொடங்கிய 198 கருக்களில் 31 சதவீதம் நிலைக்கவில்லை. அவற்றில் பெரும்பகுதி, கர்ப்பம் என்று தெரியும் முன்பே போனவை. அந்தப் பெண்களை யாரும் படிக்கட்டைப் பற்றி விசாரித்திருக்க வழியில்லை. கரு வைத்தபின் படுத்தே கிடப்பதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2017இல் வழிகாட்டியே வெளியிட்டது. உங்கள் மேஜையில் இல்லாத காகிதமா அது?

குரோமோசோமில் பாதி கணவர் கொடுத்ததுதானே? அவரிடம், "சார், சிகரெட்டை விட்டீங்களா?" என்று அந்த போனில் ஏன் ஒருவரும் கேட்பதில்லை? அவர் என்ன, கையெழுத்துப் போட வந்த சாட்சியா? கரு தங்கினால் உங்கள் கைராசி, சுவரில் இன்னொரு குழந்தைப் படம். தங்காவிட்டால் எங்கள் கால். பஸ் ஸ்டாண்டு விளம்பரத்தில் இவ்வளவு சதவீதம் வெற்றி என்று போடுகிறீர்களே, அது எதில் எண்ணியது, பாசிட்டிவ் வந்த ரிப்போர்ட்டிலா, பிறந்த குழந்தையிலா? 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், வெற்றி வாய்ப்பையும் ஆபத்தையும் விளக்கி ஆலோசனை தரச் சொல்கிறது. எனக்குக் கிடைத்த ஆலோசனை, ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் இட்ட பெருக்கல் குறிகள்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன். கரு வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது தருகிற சீட்டில், மருந்து நேரங்களுக்குக் கீழே, தமிழில் இரண்டு வரி அச்சடித்துக் கொடுங்கள்: "நடப்பதாலோ படி ஏறுவதாலோ வீட்டு வேலை செய்வதாலோ கரு ஒட்டாமல் போகாது. ஒட்டாவிட்டால் அது இவருடைய தவறு அல்ல." கீழே மருத்துவர் கையெழுத்தும் மையத்தின் முத்திரையும் இருக்கட்டும். நாங்கள் சொன்னால் நம்பாத வீடு முத்திரையை நம்பும். நெகட்டிவ் என்று போன் செய்பவர்களிடமும் அந்தக் கேள்வியை விட்டுவிடச் சொல்லுங்கள்.

எங்கள் கருக்கள் இன்னும் சில உங்களில் ஒருவரின் நைட்ரஜன் தொட்டியில் உறைந்த நிலையில் இருக்கின்றன. அடுத்த முறை மாமியாரும் கூட வருவார். அந்தச் சீட்டை அவர் கையில் கொடுத்து, நீங்களே ஒருமுறை வாசித்துக் காட்டினால் நல்லது.

நன்றியுடன்,
உங்கள் மையங்களில் ஒன்றில் சிகிச்சை பெறும் ஒருத்தி