'ஸிக் ஜோ' என்று எங்கே வைத்துச் சொன்னார்?

தம்பி,

உன் மேனேஜர் உன்னை 'ஸிக் ஜோ' என்றாராம், அது பாராட்டா நக்கலா என்று கேட்டிருக்கிறாய். ஹாங்காங்கில் 11 வருஷம் குப்பை கொட்டியவனிடம் கேட்டால் ஒரு வரியிலா பதில் வரும்? அங்கே பேசும் கான்டனீஸில் ஸிக் என்றால் தெரியும், ஜோ என்றால் செய்வது. இங்கிதம் தெரிஞ்ச பிள்ளை என்று உன் அப்பத்தா சொல்லுமே, கிட்டத்தட்ட அதுதான்.

நான் போன புதிதில், கூட வேலை பார்த்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் குடும்பத்தோடு 'யம் சா'வுக்கு, அதாவது டீயும் டிம் சம் என்கிற குட்டிப் பலகாரங்களும் சாப்பிட, என்னையும் கூட்டிப்போனார். நல்ல தாகம், உட்கார்ந்ததும் கெட்டிலை எடுத்து என் கோப்பையில் ஊற்றிக்கொண்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய அம்மா என் கையிலிருந்து கெட்டிலை மெல்ல வாங்கி, எல்லாருக்கும் ஊற்றிவிட்டுக் கடைசியாகத் தன் கோப்பைக்கு வந்தார். அந்த மேஜையில் சின்னவன் நான்தான், எழுந்து ஊற்றியிருக்க வேண்டியவனும் நான்தான்! அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கவனித்தேன். டீ ஊற்றினால் இரண்டு விரலால் மேஜையைத் தட்டுவார்கள், அதுவே நன்றி. கெட்டில் காலியானால் யாரையும் கத்திக் கூப்பிட வேண்டாம், மூடியைச் சரித்து வைத்தால் வெந்நீர் வந்துவிடும். சீனப் புத்தாண்டுக்குக் காசு வைத்துத் தரும் சிவப்பு உறையை இரண்டு கையாலும் வாங்கணும், கொடுத்தவர் எதிரிலேயே பிரிக்கக் கூடாது (பிரித்துப் பார்த்தவன்தான் உன் அப்பன்).

அந்த மாதிரி இடத்தில் சொன்னார் என்றால் பாராட்டுதான், சந்தோஷமாக வாங்கிக்கொள்.

ஆனால் அதே வார்த்தைக்கு இன்னொரு முகமும் உண்டு. நம்ம ஊர் ஆபீஸில் 'கொஞ்சம் கவனிங்க சார்' என்பான் பாரு, அந்த அர்த்தமும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1974இல் ஊழல் தடுப்பு ஆணையம் வருவதற்கு முன்னால் அங்கே லஞ்சத்துக்கு டீக்காசு என்றே பெயர். வீடு எரிந்தாலும் தீயணைப்புக்காரர்கள் காசு கைக்கு வந்தால்தான் குழாயைத் திறப்பார்கள், ஆஸ்பத்திரி ஆயா ஒரு டம்ளர் தண்ணீருக்குக் கை நீட்டும் என்றெல்லாம் பழைய ஆட்கள் சொல்வார்கள். காலம் மாறிவிட்டது, சரி, வார்த்தை மாறவில்லையே.

அதனால்தான் கேட்கிறேன், எங்கே வைத்துச் சொன்னார்? சாப்பாட்டு மேஜையிலா, இல்லை ஏதாவது சப்ளையர் பில்லில் நீ பேசாமல் கையெழுத்துப் போட்ட பிறகா? இரண்டாவது என்றால் இன்றைக்கே போன் பண்ணு. இங்கே பத்து மணிக்கு மேல் பண்ணு, அம்மா தூங்கியிருப்பாள். உனக்குப் பன்னிரண்டரை ஆகிவிடும், பரவாயில்லை.

அப்பா