முரளிக்கு, சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலிருந்து

அன்புள்ள முரளி,

பதறாமல் படி. அம்மா நன்றாக இருக்கிறார்கள். இன்று காலையில்தான் பார்த்துவிட்டு வந்தேன். கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கீதாவை அதட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் வலது காலில் மாவுக்கட்டு இருக்கிறது. பாதத்தில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பில் விரிசல். ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், மூன்று வாரம் ஓடிவிட்டது. "அவன்கிட்ட சொல்லாத, அங்க ராத்திரி முழுக்கத் தூங்காம கெடப்பான்" என்று என்னிடமும் கீதாவிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். அதை மீறித்தான் எழுதுகிறேன். ஏன் என்பது படிக்கப் படிக்கத் தெரியும்.

பத்து மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்று திட்டுவாய். திட்டு. போனில் பேசினோமே என்றால் அது பேச்சா? உன் பாரிஸ் கடையில் பாத்திரம் உருளுகிற சத்தம்தான் பாதி நேரம் கேட்கிறது, மீதி நேரம் நீ பிரெஞ்சில் யாரையோ விரட்டிக்கொண்டிருக்கிறாய். இங்கே எல்லாரும் சௌக்கியம். யாழினி கட்டடக்கலை நாலாம் வருஷம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆடித் தள்ளுபடி நேரம், சனிக்கிழமை சாயங்காலம். கீதாவின் ரவிக்கைக்கு லைனிங் துணி எடுக்க அம்மா கல்மண்டபத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்திருக்கிறார்கள். எம்.சி. ரோடு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், ஆனால் நீ பார்த்த எம்.சி. ரோடு இல்லை இப்போது இருப்பது. பிளாட்பாரத்தில் கடைச் சரக்கு. அதை ஒட்டி ஒரு வரிசை வண்டி, அதற்கு வெளியே இன்னொரு வரிசை. நடுவில் மிச்சமிருக்கிற இடத்தில் ஆட்டோ, முட்டாத குறையாக ஜனம். கடைக்கு ஏற வேண்டுமென்றால் இரண்டு வண்டிக்கு நடுவில் உடம்பைத் திருப்பித்தான் ஏற வேண்டும். அம்மா அப்படித்தான் காலை எடுத்து வைத்திருக்கிறார்கள்.

நான் எங்கள் கடைக் கல்லாவில் இருந்தேன், கண்ணால் பார்த்தேன். வரிசையின் அந்தக் கோடியில் ஒரு பையன் வண்டியைப் பின்னால் இழுத்தான். ஹேண்டில் பக்கத்து வண்டியின் கண்ணாடியில் மாட்டியது. அது சாய்ந்தது. அதற்கு அடுத்து நின்றது சாய்ந்தது. ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், எங்கள் பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தன. "அம்மா!" என்று நான் கத்துவதற்கு நேரம் இருந்தது, எழுந்து ஓடத்தான் நேரம் இல்லை. கடைசி வண்டி அம்மாவின் பாதத்தின்மேல் விழுந்தது. சைலன்சர் கெண்டைக்காலில் பட்டுத் தோல் உரிந்துவிட்டது. நாலு பேர் வண்டியைத் தூக்க, நான் அம்மாவைப் பிடித்துத் தூக்கினேன். கையை இறுக்கி மூடியிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் தக்காளிச் சிவப்பில் ஒரு மாதிரித் துணி, விரலளவுதான் இருக்கும். "இந்தக் கலர்தாம்பா வேணும், பாத்து எடு" என்றார்கள்.

விழுந்தது ஏழு வண்டி, முரளி. அதில் நாலாவது என்னுடைய ஸ்ப்ளெண்டர்.

காலை பத்து மணிக்குக் கொண்டுவந்து நிறுத்தியது, ராத்திரி பூட்டிக்கொண்டு போகிறவரை அசையாது. வீட்டிலிருந்து கடைக்கு நடந்தால் பதினைந்து நிமிடம். இருபத்திரண்டு வருஷமாக நான் நடந்ததில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் அம்மாவைப் பார்க்கப் போவதும் வருவதுமாக இருப்பது எனக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் ஒன்று செய்தேன். யாழினிதான் வழி சொன்னாள், அவர்கள் கல்லூரியில் செய்வார்களாம். ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்கு ஒரு டப்பா சாக்பீஸை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கத்து வரிசையில் நடந்தேன். ஒவ்வொரு வண்டியின் பின்டயரிலும் தரையைத் தொடுகிற இடத்தில் ஒரு கோடு, அதற்கு நேராகத் தரையில் ஒரு கோடு. தையல் மெஷின் கடையிலிருந்து முனை வரை 62 வண்டி. ஒரு மணிக்கு, மூன்று மணிக்கு, ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தேன். ஐந்து மணிக்கும் கோட்டோடு கோடு பொருந்தி அப்படியே நின்றது 38. அத்தனையும் யாருடையது என்று நம்பர் பிளேட்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன். நாங்கள்தான். கடைக்காரர்களும் கடைப் பிள்ளைகளும். துணி வாங்க வருகிறவர்கள் ரோட்டின் நடுவில் இரண்டாவது வரிசை போட்டுவிட்டு, டிராபிக் போலீஸ் வருகிறாரா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பேரம் பேசுகிறார்கள்.

இந்த நேரத்தில் எங்கள் ரோட்டிலும் டூவீலர் நிறுத்துவதற்குக் காசு வாங்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. கடைக்காரர்கள் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். எல்லார் வாயிலும் ஒரே வார்த்தை: காசு கேட்டால் கஸ்டமர் வரமாட்டான், மால் பக்கம் போய்விடுவான். நான் எழுந்து 38 கணக்கைச் சொன்னேன். கஸ்டமருக்கு இடம் இல்லாமல் செய்திருப்பதே நாம்தான் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

ஒருவர் கேட்டது நியாயமான கேள்விதான்: வண்டி வாங்கும்போதே ஆயுள் வரி கட்டிவிட்டோமே? 2023இல் ஏற்றிய பிறகு ஒரு லட்ச ரூபாய்க்குள் வண்டி என்றால் 10 சதவீதம், அதற்கு மேல் 12. சின்னத் தொகையா? ஆனால் அது மாநில அரசுக்குப் போகிற வரி. எங்கள் தெருவையும் பிளாட்பாரத்தையும் பார்த்துக்கொள்வது மாநகராட்சி. அதோடு அந்த வரி வண்டியை ஓட்டுவதற்கு. சந்தைத் தெருவில் பதினொரு மணி நேரம் ஒரே இடத்தைப் பிடித்துக்கொள்வதற்கு யாரும் எதுவும் கட்டியதில்லை. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் டீ வந்துவிட்டது.

யாழினி ஒரு கதை சொன்னாள். அமெரிக்காவில் பார்க்கிங் பற்றியே ஆயுள் முழுக்க ஆராய்ந்த ஒரு பேராசிரியர் இருந்தார், டொனால்ட் ஷூப், 2025இல்தான் இறந்துபோனார். கலிபோர்னியாவில் பசடேனா என்ற ஊரின் பழைய கடைத்தெருவைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். அங்கேயும் கடை ஊழியர்கள்தான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். வண்டி நிறுத்தக் காசு வாங்குகிற மீட்டர் வைக்கக் கூடாது என்று கடைக்காரர்கள் சண்டை. வசூலாகிற பணத்தை இதே தெருவுக்குச் செலவு செய்கிறோம் என்று நகராட்சி சொன்ன பிறகுதான் சம்மதித்தார்கள். 1993இல் மீட்டர் வந்தது. அந்தப் பணத்தில் பிளாட்பாரத்தைப் புதிதாகப் போட்டு, மரம் வைத்து, விளக்குப் போட்டார்கள். தெருவும் பிழைத்தது, வியாபாரமும் பிழைத்தது. அங்கே நின்றது கார், இங்கே நிற்பது பைக். ஆனாலும் எனக்கு அது எங்கள் ரோட்டுக் கதையாகவே கேட்டது.

இத்தோடு நின்றிருந்தால் நான் காசு வாங்கு என்று கையெழுத்துப் போட்டிருப்பேன். சாந்தியால் நின்றுவிட்டேன்.

சாந்தி எங்கள் கடையில் ஒன்பது வருஷமாக இருக்கிறது. மணலியிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறது. சம்பளம் 14,000. சென்னையில் மாநகராட்சி ஸ்மார்ட் பார்க்கிங் கொண்டுவந்தபோது வைத்த கட்டணம் காருக்கு மணிக்கு 20 ரூபாய், டூவீலருக்கு 5. காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை பதினொரு மணி நேரம், 55 ரூபாய். மாதம் 26 நாள். 1,430 ரூபாய், முரளி. சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு, வண்டி சும்மா நிற்பதற்கு. பஸ்ஸில் வரலாமே என்று சங்கத்தில் ஒருவர் சொன்னார். 2021லிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, உண்மைதான். காலையில் அது சரி. இரவு ஒன்பதுக்குக் கடை சாத்திய பிறகு பஸ்ஸுக்கு நின்று, இறங்கி, தெருவிளக்கு இல்லாத சந்தில் தனியாக நடந்து வீடு சேருகிறவளைப் பற்றி அவர் நினைக்கவில்லை. அந்த ஸ்கூட்டியை சாந்தி தவணையில் வாங்கியது அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான். வண்டி வந்த பிறகுதான், அம்மா கஷ்டப்படாமல் வேலைக்குப் போய்வருகிறாள் என்று சாந்தியின் பையன் நிம்மதியாகப் படிக்கிறானாம். என்னிடமே சொல்லியிருக்கிறது.

இன்னொன்றும் உறுத்துகிறது. கடை இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். ஒரு பைக் நிற்க இரண்டரை அடிக்கு ஏழடி போதும். இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் என்கிற கார் இடத்தில் ஆறு பைக் நிற்கும். ஆறு பைக் சேர்ந்து மணிக்கு 30 ரூபாய் கட்டும்போது, அதே இடத்தில் நிற்கிற ஒரு கார் 20 ரூபாய் கட்டுகிறது. அதாவது தரைக்கு வாடகை என்று பார்த்தால் ஏழைதான் அதிகம் கொடுக்கிறான். உன் பாரிஸ் இதைவிட மோசம். 2022 செப்டம்பரிலிருந்து ஸ்கூட்டருக்குக் கட்டணம் என்று நீ போனில் ஒரு மணி நேரம் குதித்தாயே, ஊருக்கு நடுவில் மணிக்கு 3 யூரோ, வெளி வட்டத்தில் 2, காருக்கு அதைப்போல் இரண்டு பங்குதான் என்று. அன்றைக்கு நான் உனக்கு ஒத்துப் பாடினேன். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டரில் 2008இல் பைக்குக்கு நாளொன்றுக்கு ஒன்றரை பவுண்டு போட்டபோது ஓட்டுபவர்கள் ஊர்வலம் போனதையும், பிறகு அது ஒரு பவுண்டாக இறங்கியதையும் நீதான் சொன்னாய். அப்போது அதெல்லாம் யாரோ எங்கோ அடித்துக்கொள்கிற சண்டை. இப்போது என் வாசலுக்கு வந்துவிட்டது.

நாலு நாள் தூக்கம் இல்லாமல் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நீ என்ன சொல்வாய் என்று தெரிய வேண்டும். எம்.சி. ரோடு மாதிரி கடைத்தெருவில், கடை திறந்திருக்கிற நேரத்தில், பைக்குக்கும் காசு வாங்க வேண்டும். முதல் அரை மணி நேரம் இலவசம். ஒரு முழம் துணி வாங்க வருகிறவளிடம் எதற்குக் காசு? அதற்கு மேல் நிற்க நிற்க ஏற வேண்டும், பகல் முழுக்க நிறுத்த நினைக்கிறவன் இரண்டு தடவை யோசிக்கிற அளவுக்கு. கார் அதைப்போல் ஆறு பங்கு. வேலைக்கு வருகிறவர்களுக்குப் பின்தெருவிலோ, மெட்ரோ ஸ்டேஷனை ஒட்டியோ மாதச் சீட்டுப் போட்டு ஓர் இடம். அந்தச் சீட்டை முதலாளி வாங்கித் தர வேண்டும். சாந்தியின் சீட்டை நான் தருவேன், சங்கத்தில் அதையும் சொல்லப் போகிறேன். வந்த பணத்தில் முதல் வேலை அந்த பிளாட்பாரம். சரக்கை உள்ளே எடு, வண்டியைக் கீழே இறக்கு, எழுபத்தொரு வயது அம்மா ஒருத்தி உடம்பைத் திருப்பாமல் நடக்கட்டும்.

ஆனால் நம் ராயபுரம் சந்துகளில் வாங்கக் கூடாது. பத்துக்குப் பத்து அறையில் இருப்பவன் வண்டியை வாசலில் வைக்காமல் தலையிலா வைப்பான்? காசிமேட்டில் விடிகாலை ஏலத்துக்கு வருகிறவர்களிடமும் கூடாது. அந்த நேரத்தில் அங்கே யாருக்கும் இடைஞ்சல் இல்லை. சென்னை முழுக்க ஒரே பலகை, ஒரே கட்டணம் என்று யாராவது அறையில் உட்கார்ந்து முடிவு செய்துவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

வசூல் இன்னொரு பயம். போன மாதம் ஓர் இடத்தில் வண்டியை விட்டேன், பெயர் வேண்டாம். ரசீது கேட்டேன். பையன் 20 ரூபாயை வாங்கிக்கொண்டு, கிழிந்த அட்டையில் பேனாவால் என் வண்டி நம்பரை எழுதிக் கொடுத்தான். பலகையில் போட்டிருந்தது 10. கேட்டால், "பண்டிகை ரேட்டுண்ணா" என்கிறான். அந்தப் பத்து ரூபாய் எந்த பிளாட்பாரத்துக்கும் வராது. மிஷினில் சீட்டு வராமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்று கூட்டத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும்.

அடுத்த கூட்டம் வருகிற திங்கள். அதற்குள் எனக்கு இரண்டு விஷயம் எழுது. அங்கே புறநகரிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கு மாதச் சீட்டு எப்படிக் கொடுக்கிறார்கள், அதை வாங்க எதைக் காட்ட வேண்டும்? உன் கடைப் பையன்களுக்கு நீ கட்டுகிறாயா, அவர்களே கட்டுகிறார்களா? கட்டவில்லை என்றால் கட்டு. நீ நினைத்தால் முடியும்.

நான் இப்போது நடந்துதான் கடைக்குப் போகிறேன். முழங்கால் கொஞ்சம் முனகுகிறது, சரியாகிவிடும். நம் ஸ்கூல் பி.டி. சார் வழியில் எதிரில் வந்தார், இன்னும் அதே விசில். உன்னைக் கேட்டார்.

அம்மாவிடம் போனில் காலைப் பற்றிக் கேட்டுவிடாதே, நான்தான் சொன்னேன் என்று தெரிந்துவிடும். நாலாவது வண்டி யாருடையது என்று இன்னும் அம்மாவுக்குத் தெரியாது. உன்னிடம் சொன்ன பிறகு அவர்களிடம் சொல்வது என்று வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். சங்கரா மீன் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்கள், கண்ணும் செவுளும் பார்த்து வாங்கு என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்கள்.

அன்புடன்,
செல்வம்