மாசிக்குள் தீக்கோடு வெட்டியாக வேண்டும்: சேர்வராயன் மலை ஊர்களின் நன்கொடை வேண்டுகோள்

சேலத்து மக்களுக்கும், வெளியூரில் பிழைக்கும் எங்கள் மலைப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

போன பங்குனியில் ஒரு மத்தியானம், குப்பனூர் பக்கத்துச் சரிவில் புல்லில் பிடித்த தீ மேலே ஏறி வந்தது. மூங்கில் புதரைத் தொட்டதும் கணுக்கணுவாக வெடிக்கிற சத்தம் ஊர் வரைக்கும் கேட்டது. முப்பது பேர் ஓடினோம். கையில் தழைக்கொத்தும் அரிவாளும், காலில் ரப்பர் செருப்பு. இரண்டு பேருக்குச் செருப்பு இளகி உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டது. நைலான் சட்டையோடு வந்த ஒரு தம்பிக்குப் பொறி பட்ட இடமெல்லாம் துணி உருகித் தோலைப் பிடித்தது. விடியக்காலையில்தான் அணைந்தது. காட்டோரக் காப்பிச் செடிகளும் மிளகுக் கொடிகளும் போயின. உயிர் எதுவும் போகவில்லை, சேர்வராயன் காப்பாற்றினார். அடுத்த தடவையும் வெறும் செருப்போடு பிள்ளைகளை அனுப்பக்கூடாது என்று நான்கு ஊர்க்காரர்கள் கூடி அமைத்ததுதான் இந்தத் தீத்தடுப்புக் குழு.

தார்ச்சாலை வரைக்கும் தீயணைப்பு வண்டி வந்துவிடும். அதற்கு அப்பால் ஒற்றையடிப் பாதைதான். வனக்காவலர்கள் நடந்து வந்து சேரும் வரை முதல் ஒரு மணி நேரம் எங்கள் கையில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் என்ன செய்யக்கூடாது என்று தெரிந்திருப்பது முக்கியம். சரிவில் தீ சமவெளியைவிட வேகமாக மேலேறும்; அதற்கு மேற்புறம் நிற்கவே கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 20-க்கும் மேற்பட்டோர் தீயில் சிக்கி இறந்ததை யாரால் மறக்க முடியும்?

அணைப்பதைவிடத் தடுப்பதுதான் பெரிய வேலை. தை மாதமே, வனத்துறை அனுமதியோடு அவர்கள் காட்டும் இடங்களில் தீக்கோடு, அதாவது தீ தாண்டிப் போகாதபடி செடி புல் இல்லாத வெற்றுப் பட்டை, வெட்டி, சருகையும் காய்ந்த புல்லையும் உண்ணிச்செடியையும் அகற்ற வேண்டும். இதற்கு நாங்கள் கூலி வாங்கப்போவதில்லை. அப்புறம், அணையாத பீடித்துண்டு, மலைப்பாதை வளைவுகளில் சுற்றுலா வருபவர்கள் மூட்டும் அடுப்பு, ஆட்டுக்குப் புதுப்புல் வேண்டும் என்று நம்மவர்களே வைக்கும் தீ, இவை பற்றி வீடு வீடாகப் பேச வேண்டும். கடைசியாகச் சொன்னதை மறைத்துவிட்டு உங்களிடம் கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை.

தேவைப்படுவது 1,60,000 ரூபாய். 60 இளைஞர்களுக்கு பூட்ஸ், கையுறை, தலையில் மாட்டும் டார்ச் ஆகியவற்றுக்கே 84,000 ஆகிறது. ஓர் ஆளுக்கு 1,400 ரூபாய். மீதியில் முதுகில் சுமக்கும் ஸ்பிரேயர் எட்டு, சருகு ஊதும் மெஷின் இரண்டு, ஊருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, பயிற்சி நாட்களில் சாப்பாடு, வண்டிச் செலவு. ஐம்பது ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கை ஊர்க் கூட்டத்தில் வாசித்து, கோவில் சுவரில் ஒட்டிவிடுவோம்.

பணம் கொடுக்க முடியாதவர்கள் வீட்டில் கிடக்கும் பழைய முழுக்கைப் பருத்திச் சட்டைகளைக் கொடுங்கள், கிழியாததாக இருந்தால் போதும். பொங்கலுக்கு முன்னால் வந்து சேர்ந்தால், தை முதல் வாரமே பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு காட்டுக்குள் இறங்குவார்கள்.

இப்படிக்கு,
தீத்தடுப்புக் குழுவினர்