செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: நஞ்சராயன் குளமும் அக்டோபர் கணக்கெடுப்பும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எனவே இவ்வறிக்கையின் பெரும்பகுதி அக்டோபர் பறவைக் கணக்கெடுப்புக்கே.

திருப்பூர் நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அதற்குப் பின் வந்த முதல் வலசைப் பருவம் இது. உலக வலசைப் பறவைகள் நாளான அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை (12-10-2024) இம்முறை விஜயதசமியன்று வந்தது. ஆயுத பூஜை விடுமுறையில் பனியன் கம்பெனிகள் அடைத்திருந்ததால் ஆள் சேர்வதில் சிரமமில்லை.

எந்தப் பறவை வரும் என்பதைத் தேதியைவிட நீர்மட்டமே முடிவு செய்கிறது. சேற்றில் இரை தேடும் சிறு கரைப்பறவைகளான உள்ளான்களுக்கு ஈரச் சேறு வேண்டும், மிஞ்சினால் ஒரு விரல் ஆழத் தண்ணீர். தலையைக் கவிழ்த்து மேயும் வாத்துகளுக்கு முழங்கால் ஆழத்துக்குள் இருந்தால் போதும். வடகிழக்குப் பருவமழையில் குளம் நிறைந்துவிட்டால் சேற்றுத்திட்டு மூழ்கி, உள்ளான்கள் வேறு குளம் தேடிப் போய்விடும். ஆகவே உள்ளான் கணக்கை மழைக்கு முன்பே முடிப்பது நல்லது. வாத்துகளைப் பிறகும் எண்ணலாம்.

காலையில் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். எதிர்வெயிலில் பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்புத்தான். விடிந்ததும் தொடங்கி 9 மணிக்குள் தொலைவில் உள்ளவற்றை முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் கானல் அலைகிறது; தொலைநோக்கியை 60 மடங்குக்குத் திருப்பினால் கானலும் சேர்ந்தே பெரிதாகும். 25, 30 மடங்கில் நிறுத்துவதே சரி. கைநோக்கிக்கு 8x42 (8 மடங்கு, 42 மி.மீ. முகப்பு லென்ஸ்) போதுமானது. 10 மடங்கில் கை நடுக்கம் கூடுதலாகத் தெரியும்.

இருமுறை எண்ணுவதுதான் பெரிய தொல்லை. சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்தால் குளமே எழும்பி, இக்கரைக் கூட்டம் அக்கரையில் இறங்கிவிடும். இரு குழுக்களாகப் பிரிந்து எண்ணும்போது, இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கி, கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளத்தை எல்லையாக வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டம் எழும்பினால் எண்ணுவதை நிறுத்தி, நேரத்தையும் பறந்த திசையையும் குறித்து, அமர்ந்தபின் அந்தப் பகுதியை முதலிலிருந்து எண்ண வேண்டும். பெரிய கூட்டமானால் பத்துப் பறவைகளை எண்ணி, அந்த அளவைக் கண்ணில் நிறுத்தி அப்படியே நகர்த்திப் போகலாம். கூட்டத்தின் நடுவில் நெருக்கம் அதிகம், ஓரத்தில் குறைவு. ஓரத்து அளவைக் கொண்டு நடுவை எண்ணினால் கணக்கு குறைந்துவிடும்.

அடையாளம் காண்பதில் அக்டோபர் கடினமான மாதம். ஆண் வாத்துகள் அப்போது பெட்டையின் நிறத்தில்தான் இருக்கும். ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் குளிர்காலம் முதிர்வதற்குள் நிறம் மாறிவிடும். நீலச்சிறகி ஆணோ பிப்ரவரி வரைகூட இழுத்தடிக்கும். நிறத்தை விட்டு உருவத்தைப் பார்க்க வேண்டும். தட்டைவாயனுக்கு அகன்ற அலகு, ஊசிவாலுக்கு மெலிந்த நீண்ட கழுத்தும் சாம்பல் அலகும். நீலச்சிறகிக்கு முகத்தில் அழுத்தமான கோடுகள். கிளுவை வாத்துக்கு முகம் மங்கல். ஆண் நீலச்சிறகி பறக்கும்போது இறக்கையின் முன்பகுதி வெளிறிய நீலச்சாம்பலாகத் தெரிவதால் அப்போது சந்தேகம் தீரும். நாமக்கோழியைத் தொலைவிலிருந்து வாத்தென்று எழுதுவது புதியவர்களிடம் சகஜம். அதன் வெள்ளை அலகும் நெற்றியும் பளிச்சென்று தெரியும். வாலை ஓயாமல் ஆட்டுவதும் தோளருகே வெள்ளைப் பட்டை ஏறியிருப்பதும் சாதா உள்ளான்; முதுகில் புள்ளிகளும் மஞ்சள் சாயல் காலும் பொறி உள்ளானுக்கு. இதிலும் தெளியவில்லை என்றால் 'உள்ளான் இனம்' என்றே பதியலாம், தவறில்லை. ஊகித்து எழுதிய பெயரைப் பின்னால் திருத்த யாராலும் முடியாது.

பறவைப் பதிவுக்கான இணையதளமான இ-பேர்டில் பதியும்போது எண்ணிக்கைக்குப் பதில் 'எக்ஸ்' (கண்டோம், எண்ணவில்லை) போடுவதைத் தவிர்க்கவும். தோராயமான எண்ணும் அதைவிடப் பயன்படும். கண்ட பறவைகள் அனைத்தையும் பதிந்தால்தான் அது முழுப்பட்டியல். அரியதை மட்டும் எழுதிவிட்டுக் காகத்தையும் மைனாவையும் விடுவது வேண்டாத பழக்கம்.

அடுத்த ஆண்டுக்குச் செயற்குழுவின் பரிந்துரைகள்: அக்டோபரில் ஒரே நாளோடு நிறுத்தாமல், மழைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள், ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் அதே நிற்குமிடங்கள், அதே எல்லை அடையாளங்கள். இடம் மாறினால் இரு கணக்குகளையும் ஒப்பிட முடியாது. காற்று நாட்களில் முக்காலியின் கால்களை முழுதாக நீட்டாமல், நடுவில் பையைத் தொங்கவிட்டுப் பயன்படுத்தவும்.

சங்கத்தின் தொலைநோக்கியை எடுத்துச் செல்வோர் ஈரம் துடைத்து, பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் திருப்பித் தர வேண்டும். மழைமாதத்தில் மூடிய பெட்டியிலேயே லென்சில் பூஞ்சை பிடிக்கும். ஜெல் மணிகளின் நீலம் இளஞ்சிவப்பானதும் மாற்றிக்கொள்ள, புதிய பொட்டலங்கள் நூலக அலமாரியில் உள்ளன.

செயலாளர்