அறிவியல் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. மழையால் நவம்பர் கூட்டம் மட்டும் தள்ளிப்போனது. தொலைநோக்கியின் முக்காலியைப் பழுதுபார்த்துவிட்டோம். செலவு விவரத்தைப் பொருளாளர் சொல்வார். நூலக அறைக்கு வெள்ளையடிப்பது இந்த ஆண்டும் நடக்கவில்லை. இவற்றை இதோடு விட்டுவிட்டு, பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளன்று நடத்திய வினாடி வினாவுக்கு வருகிறேன். அதைப் பற்றித்தான் இன்னும் தெருவில் நிறுத்திக் கேட்கிறார்கள்.

முதல் சுற்று எல்லோருக்கும் பழகியது. ராமன் நோபல் பரிசு பெற்ற ஆண்டு (1930), சந்திரசேகர் பெற்ற ஆண்டு (1983), ஆரியபட்டா செயற்கைக்கோள் ஏவப்பட்ட ஆண்டு (1975) என்ற மாதிரி. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் கேள்வி முடியும் முன்பே கையைத் தூக்கினார்கள்.

இரண்டாம் சுற்றில் விடையோடு காரணமும் எழுத வேண்டும். அங்கேதான் வண்டி நின்றது.

கோடையில் வெயில் ஏன் அதிகம்? பெரும்பாலோர், ‘பூமி சூரியனுக்கு அருகில் வருவதால்’ என்று எழுதியிருந்தார்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கி.மீ. தொலைவில், இருப்பது ஜனவரி முதல் வாரத்தில். அதாவது மார்கழிப் பனிக்குக் காதை மூடிக்கொண்டு நாம் கோயிலுக்குப் போகும் நாட்களில். மிகத் தள்ளி, 15.2 கோடி கி.மீ.க்கு அது போவது ஜூலைத் தொடக்கத்தில். பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதுதான் பருவங்களுக்குக் காரணம். சாய்வைச் சரியாகச் சொன்ன சிலரும், ‘அதனால் நம் பக்கம் சூரியனை நெருங்குகிறது’ என்று சேர்த்து எழுதி மதிப்பெண்ணை விட்டார்கள். கதிர் செங்குத்தாக விழுவதும் பகல் நீள்வதும்தான் விஷயம். சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்ட கம்புக்கு அந்த நண்பகலில் நிழல் இருக்காது. (ஆகஸ்டில் மேகம் வழிவிட்டால் பார்க்கலாம்.)

நிலவின் பிறைக் கேள்வி இன்னும் மோசம். வீட்டுக்கு வீடு நாட்காட்டி தொங்குகிறது, அமாவாசை எப்போது என்று கேட்டால் கிழமையோடு சொல்கிறோம். ஆனால் நிலவு ஏன் தேய்கிறது என்றால், ‘பூமியின் நிழல் விழுகிறது’ என்கிறோம். அது சந்திர கிரகணம். மூன்றாம் பிறை தெரியும் மாலையில் சூரியன் அப்போதுதான் மேற்கே இறங்கியிருக்கும். பூமியின் நிழல் அதற்கு எதிர்ப்பக்கம், கிழக்கே போகும். மேற்கில் நிற்கும் பிறையின் மேல் அது எப்படி விழும்? நிலவின் பாதியில் எப்போதும் வெயில்தான். அந்தப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறதோ அவ்வளவைப் பார்க்கிறோம்.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் வீரர்கள் மிதப்பது ஏன் என்பதற்கு, ‘அங்கே ஈர்ப்பு விசை இல்லை’ என்ற பதிலே குவிந்தது. நிலையம் இருப்பது சுமார் 400 கி.மீ. உயரத்தில். அங்கே ஈர்ப்பு, தரையில் உள்ளதில் ஏறக்குறைய 90 சதவீதம் இருக்கிறது. இல்லாவிட்டால் அது பூமியைச் சுற்றாது, நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். நிலையமும் வீரர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள். பக்கவாட்டு வேகம் அதிகம் என்பதால் தரையைத் தொடுவதில்லை. இதை நடுவர் விளக்கியபோது முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, “அப்போ நிலாவும் விழுதா சார்?” என்றாள். ஆமாம், அதுவும்தான். பரிசுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை, இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பாடத்தில் இல்லாததைக் கேட்டுவிட்டோம் என்று பெற்றோர் சிலர் குறைபட்டார்கள். அச்சுச் சாய்வும் பிறையும் பள்ளிப் பாடத்தில் உள்ளவையே. 1987-ல் ஹார்வர்டு பட்டமளிப்பு விழாவில் 23 பேரிடம் இதே பருவக் கேள்வியையும் பிறைக் கேள்வியையும் கேட்டார்கள். 21 பேர் தடுமாறினார்கள். ஆகவே நம் ஊரார் ரொம்ப வருந்த வேண்டாம்.

அடுத்த ஆண்டு முதல் சுற்றையே எடுத்துவிடலாம் என்று செயற்குழுவில் ஒரு தரப்பு சொன்னது. அது இருந்தால்தான் கூட்டம் வரும் என்றது இன்னொரு தரப்பு. ஆண்டுக் கேள்விகளைப் பாதியாகக் குறைத்து, காரணம் எழுதுவதற்கு இரட்டை மதிப்பெண் தரலாம் என்பது என் யோசனை. அப்புறம், டிபன் பாக்ஸ் பரிசை நிறுத்திவிட்டுப் புத்தகமோ கைலென்சோ கொடுக்கலாம். இரண்டையும் தீர்மானமாக முன்வைக்கிறேன். உறுப்பினர்கள் கருத்துச் சொல்லி, அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்