நம்ம ஊர் ஸ்டேஷனைப் படம் பிடிக்கப் போகும் மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அடுத்த வீடியோ நம்ம ஊர் பழைய ரயில்வே ஸ்டேஷனைப் பற்றி என்று உன் அம்மா சொன்னாள். சந்தோஷம். ஆனால் 'பேய் ஸ்டேஷன்' என்று தலைப்பு வைக்கப் போகிறாயாம். அது என் மனசுக்கு ஒப்பவில்லை. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். கேமராவோடு பாழடைந்த கட்டடங்களைத் தேடி அலையும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் போடுகிறேன்.

முதலில் அந்தக் கூரை. ஓடில்லாமல் மொட்டையாக நிற்பதைப் பார்த்துத்தான் ஆளாளுக்குக் கதை கட்டுகிறார்கள். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்த அன்றைக்குத்தான் அந்த ஓடுகளும் பறந்தன. அதற்கு முன்பே அங்கே ரயில் நிற்பதை விட்டாகிவிட்டது. கூரையை எடுத்துக் கட்ட யாருக்கும் அக்கறை இல்லை.

ரயில் ஏன் நிற்கவில்லை? நீ சொல்ல வேண்டிய கதை அதுதான்.

விழுப்புரத்திலிருந்து பண்ருட்டி, கடலூர், சிதம்பரம் வழியாக மாயவரம் போகும் நம்ம பாதையை இன்றைக்கும் மெயின் லைன் என்றுதான் சொல்கிறார்கள். தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1870களின் பிற்பகுதியில் மீட்டர் கேஜில், அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி விட்டு, போட்டது. தாது வருஷப் பஞ்சம் ஜனங்களை வாரிக்கொண்டு போனதும் ஏறக்குறைய அதே வருஷங்களில்தான். சென்னையிலிருந்து தஞ்சாவூர், திருச்சி என்று தெற்கே போகும் மீட்டர் கேஜ் வண்டிக்கு அப்போது வேறு வழி கிடையாது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு இலங்கைக்குக் கப்பல் ஏறுகிறவர்களை ஏற்றிக்கொண்டு தனுஷ்கோடிக்கு ஓடிய போட் மெயிலும் நம்ம வயலோரமாகத்தான் போனது. அப்புறம் 1920களின் கடைசியில் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குக் கார்டு லைன் என்கிற குறுக்குப் பாதை வந்தது. தூரம் குறைந்தது, அவசரக்காரர்கள் அந்தப் பக்கம் போனார்கள். நம்ம மாதிரி சின்ன ஸ்டேஷன்களின் இறங்குமுகம் அங்கேயே தொடங்கிவிட்டது என்பது என் எண்ணம்.

சரி, உள்ளே போனால் எதைப் படம் பிடிப்பது? ஸ்டேஷன் மாஸ்டர் அறைச் சுவரை ஒட்டி ஒரு சிமென்ட் மேடை இருக்கும். அதில் துருப்பிடித்த போல்ட்டுகள் இரண்டு தொகுதியாக நீட்டிக்கொண்டிருக்கும். அங்கேதான் டோக்கன் கருவிகள் இருந்தன, பண்ருட்டிப் பக்கத்துக்கு ஒன்று, கடலூர்ப் பக்கத்துக்கு ஒன்று. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்துவிடக் கூடாது இல்லையா? அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் மணியடித்துச் சம்மதம் கொடுத்தால்தான் இந்தக் கருவியிலிருந்து டோக்கன் என்கிற இரும்புப் பந்து ஒன்று வெளியே வரும். அந்தப் பந்து போய்ச் சேரும் வரை இரண்டு முனையிலும் இன்னொன்று வராது. பந்து கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். பந்தைத் தோல் பையில் போட்டு, பையைப் பிரம்பு வளையத்தில் கட்டி, பாயின்ட்ஸ்மேன் என்கிற ஸ்டேஷன் ஊழியர் பிளாட்பாரத்தில் கையைத் தூக்கி நிற்பார். நிற்காத மெயில் வண்டியின் எஞ்சினில் கரி போடும் ஃபயர்மேன் கையை வளையத்துக்குள் விட்டு இதை வாங்கிக்கொண்டு பழைய வளையத்தை வீசி எறிவார். மழையிலும் இருட்டிலும் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு இதைச் செய்தார்கள். ராத்திரி அந்த இடத்தில் விளக்கு அசைந்தது என்று எவனாவது சொன்னால், அது ஒரு மனுஷன் சம்பளத்துக்குப் பார்த்த வேலை என்று அவனுக்கு எடுத்துச் சொல்.

டிக்கெட் கொடுத்த ஜன்னலை விட்டுவிடாதே. கீழ்ப்பலகை நடுவில் குழிந்திருக்கும். காசும் அட்டை டிக்கெட்டும் மாறி மாறித் தேய்த்த தேய்மானம் அது. பூக்கூடைக்காரிகள், சிதம்பரத்துக்குப் படிக்கப் போன பிள்ளைகள், ஜன்னல் கம்பியில் கேனை மாட்டிய பால்காரர்கள் எல்லோரும் அந்தப் பலகையில் கை வைத்தவர்கள்தான்.

பிறகு பஸ் பெருகியது. எதிர்வண்டிக்கு ஒதுங்கி நிற்கும் கிராசிங் தண்டவாளத்தையும் கைகாட்டியையும் கழற்றினார்கள், மாஸ்டர் போனார், ஸ்டேஷன் வெறும் வண்டி நிற்கும் இடமாக, ஹால்ட் ஆனது. கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் ஏஜென்ட் ஒருவர் கொஞ்ச காலம் தாங்கினார். 2006 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக லைனையே மூடினார்கள். 2010-ல் பயணிகள் வண்டி திரும்ப வந்தபோது நம்ம ஊர் பெயர் அட்டவணையில் இல்லை. மூன்று வருஷத்துக்கு மேல் ரயில் இல்லாமல் பழகிய ஊர் அதைப் பெரிதாகக் கேட்கவும் இல்லை. நாலு பேர் சேர்ந்து மனு கொடுத்திருந்தால் ஒரு பாசஞ்சராவது நின்றிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த ஆதங்கம் எனக்குத் தீரவில்லை.

பேய்க் கதைக்குப் பார்வை நிறைய வரும், தெரியும். ஆனால் அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இதே ஊரில் இருக்கிறார்கள். அப்பா உட்கார்ந்து வேலை செய்த அறையைப் பேய் வீடு என்று நீ காட்டினால் அவர்களுக்கு எப்படி இருக்கும்?

கடைசிப் பாயின்ட்ஸ்மேனாக இருந்த பெரியவர் மேலத்தெருவில் மகள் வீட்டில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வா, கூட்டிக்கொண்டு போகிறேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்க வேண்டும். சட்டையில் மாட்டும் மைக்கை மறக்காதே. ஸ்டேஷனுக்கு ரோட்டுப் பக்கமாகவே போ, தண்டவாளத்தில் இறங்காதே. இப்போது வருவதெல்லாம் மின்சார வண்டி, சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் வந்துவிடும்.

அன்புடன்,
உன் மாமா